பின் விளக்கு இல்லாத லாரி

நேற்று ராத்திரி ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரியின் முதுகில் போய் மோதியிருப்பேன். பின் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் அப்பிக் காய்ந்த சேறு. டீக்கடையில் அந்த டிரைவரைப் பிடித்தேன்.

"செக்கிங் எங்கன்னு முன்னாடி போற வண்டி போன்ல சொல்லிரும்ணே. அப்படியே ரிங்ரோட்டுப் பக்கம் திருப்பிருவோம்" என்றார், கூச்சமே இல்லாமல். (எனக்கும் ஒரு வடை வாங்கிக் கொடுத்தார், அது வேறு.)

செக்கிங்கில் மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைவிட முக்கியம், அதிகச் சுமையை இறக்காமல் வண்டி நகரவே கூடாது என்பது. நான் பார்த்தவரை ரசீதோடு லோடும் கிளம்பிவிடுகிறது.

மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் என்று மூன்று மாவட்டச் செக்கிங் ஆட்களும் ஒரே ராத்திரியில் சேர்ந்து நின்றால் எந்தப் பக்கம் திருப்புவாராம்?