நைட்ரஜன் வரைபடத்தில் சிவப்பு எதைச் சொல்ல வேண்டும்?

நெதர்லாந்தின் நைட்ரஜன் படிவை (காற்றிலிருந்து நிலத்தில் வந்து படியும் நைட்ரஜனை) வரைபடமாக்கும்போது படிவின் அளவுக்கு மட்டும் நிறம் கொடுத்தால் படம் ஏமாற்றும். காடு தாங்கும் அளவைக் கரிச்சதுப்பு தாங்காது. இந்தப் படிவைக் கணக்கிடும் அந்நாட்டு ஏரியஸ் மென்பொருள் நிலத்தை அறுகோணங்களாகப் பிரிக்கிறது; ஒவ்வொன்றும் 1 ஹெக்டேர். அதன் படிவிலிருந்து அங்குள்ள வாழிடத்தின் தாங்கு எல்லையைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் நிறம். இரண்டு வாழிடம் இருந்தால் சராசரி வேண்டாம், எளிதில் பாதிக்கப்படும் வாழிடத்தின் எல்லையை எடுங்கள்.

படிவின் அலகு மோல், அதாவது வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு. பொதுமக்களுக்குக் கிலோவாகவே காட்டுங்கள்: 1000 மோல் நைட்ரஜன் என்றால் 14 கிலோ.

விளைவைக் காட்ட, நெதர்லாந்தின் காடும் புதர்வெளியும் நிறைந்த வெலுவே பகுதி போதும். மாட்டுச்சாண அம்மோனியாவும் வண்டிப்புகையும் சேர்வதால் ஊதாப்பூ ஹெதர் புதர்களைப் புல் மூடுகிறது. மண் அமிலமாகிக் கால்சியம் கரைந்தோடுகிறது, நத்தை குறைகிறது, நத்தை ஓட்டின் கால்சியம் கிடைக்காமல் பட்டாணிக்குருவிக் குஞ்சுக்குக் கால் முறிகிறது. இந்தச் சங்கிலியை எந்த நிறத்திலும் காட்ட முடியாது. பக்கத்தில் ஒரு படம் வையுங்கள்.