கொடிக்கால் இருக்கும் ஊரில் மிளகு வளராதா?

குலசேகரத்தில் செடி வளர்ப்பது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. வேலிக்கு ஊன்றிய குச்சி துளிர்த்துவிடும். பலாவில் மிளகு ஏறும், மிளகுக்கு அடியில் இஞ்சி வரும், கிணற்றடியில் சேம்பு தானாக முளைக்கும். வேண்டாததை வெட்டி ஒதுக்குவதைத்தான் எங்கள் அம்மா தோட்ட வேலை என்பாள். இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டத்துக்காரிக்கு அதுதான் இயல்பு.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளைத் திருச்சியில், கே.கே.நகர் பக்கம், சரளை கலந்த செம்மண் மனையில் கொண்டுவந்து விட்டார்கள். நான் மிளகுக்கொடி கேட்டதும் அம்மா போனிலேயே சிரித்தாள். "அங்க காயுத வெயிலுக்கு நல்லமொளவு நிக்காது மக்ளே. நீ ரசத்துக்கு இங்கயிருந்து வாங்கிட்டுப் போ" என்றாள். மாமியார் பக்கத்து ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். திருச்சி வெயில் என்றால் வேம்பும் முருங்கையும் காகிதப்பூவும்தான். மற்றதெல்லாம் வீண் ஆசை.

அந்தப் பேச்சை முழுதாக ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. காரணம் இதே மாவட்டத்து முசிறி, தொட்டியம் பக்கத்துக் கொடிக்கால்கள், அதாவது வெற்றிலைத் தோட்டங்கள். வெற்றிலையும் மிளகும் 'பைப்பர்' என்கிற ஒரே பேரினத்துக் கொடிகள். இலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியாதவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் நிழல் வேண்டும், காலடியில் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் தலைமுறை தலைமுறையாக வெற்றிலை போடுகிறார்கள் என்றால் மிளகு மட்டும் என்ன பாவம் செய்தது?

என் வீட்டுக்காரரின் நண்பர் மூலமாகத் தொட்டியம் பக்கம் ஒரு கொடிக்காலைப் பார்க்கப் போயிருந்தோம். சித்திரை மாதம். வரப்பில் நடந்து வரும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்த பெரியவர், உள்ளே போனதும் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. அவ்வளவு வித்தியாசம். வரிசையாக அகத்தி, ஒவ்வொன்றிலும் கோரையால் கட்டிய கொடி, வரிசைக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர். ஓரத்தில் காற்றுக்கு மறைப்பாக வாழை. மேலே அகத்தியின் பொடி இலைகள் வெயிலைச் சலித்துத்தான் கீழே விடுகின்றன. என் மிளகு ஆசையைச் சொன்னதும் அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"மொளகும் வெத்தலையும் ஒரே கூட்டந்தாம்மா. நீங்க கொடிய மொதல்ல வைக்கிறீங்க, அதான் தப்பு. மொதல்ல அகத்திய விதைங்க. அது தோள் ஒசரம் வரட்டும். அப்புறம் கொடியப் பத்திப் பேசுவோம்" என்றார்.

நிழல்வலை, ஸ்பிரிங்க்லர், கோகோபீட் என்று யூடியூபில் ஆயிரம் சொல்கிறார்கள். எனக்கு உதவியது இந்தப் பேச்சுதான். வெப்பமண்டலச் செடிகளுக்கு வெப்பம் எதிரி இல்லை. குலசேகரத்திலும் புழுக்கம் கொல்லும். இங்கே செடியைத் தின்பது காய்ந்த காற்று. வேர் உறிஞ்சி அனுப்புவதைவிட வேகமாக இலையிலிருந்து ஈரத்தை அது பிடுங்கிக்கொள்கிறது. ஈரமான மண்ணில் நிற்கும்போதே இலை ஓரம் தீய்ந்து போவது அதனால்தான். நான்கைந்து விதமான செடிகளை நெருக்கமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் அவை விடுகிற ஈர மூச்சே அந்த இடத்தில் தங்குகிறது. ஒற்றைச் செடியைத் தொட்டியில் வைத்து மூன்று வேளை தண்ணீர் தெளித்தாலும் அது கிடைக்காது.

அதனால் நான் மேலிருந்து கீழாகத் தோட்டம் போட்டேன். மேற்குச் சுவர் ஓரம் அகத்தி. அதற்கு உள்பக்கம் வாழை. ஏற்கெனவே நின்ற மாமரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டு, அதன் வடக்குப் பக்கத்தில், தண்டை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி மிளகுக்கொடி. கேரளத்துத் தோட்டக்காரர்களும் வடக்குப் பக்கம்தான் வைப்பார்கள், தென்மேற்கு வெயில் கொடியில் நேராக விழாது. மரத்தோடு சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிட்டால் கணுவில் வேர் விட்டு அதுவே பிடித்துக்கொண்டு ஏறும்.

நடுகிற மாதம் முக்கியம். மலையாளச் சேனல்களில் ஜூனில் நடச் சொல்வார்கள். அவர்களுக்கு அப்போது மழை. நமக்கு ஜூன், ஜூலை என்றால் ஆடிக் காற்று. அந்தக் காற்றில் வேர் பிடிக்காத கொடியை நட்டால் வாரத்தில் சருகு. திருச்சிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஐப்பசி முதல் மழைக்கு நட்டால் பங்குனி வெயில் வருவதற்குள் வேர் ஆழம் போய்விடும். மஞ்சளும் இஞ்சியும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைச் சித்திரை, வைகாசியில் வாழை நிழலில் ஊன்றி, மேலே காய்ந்த வாழை இலையால் கனமாக மூடாக்குப் போட்டுவிடுவேன். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து கடையில் வாங்குவதில்லை.

வாழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிற ஊர் இது. லால்குடி, தொட்டியம் என்று காவிரிக் கரை முழுக்க வாழைதான். வீட்டுத் தோட்டத்தில் வாழையைப் பழத்துக்காக மட்டும் வைப்பவர்கள் அதன் பாதிப் பயனைத்தான் அடைகிறார்கள். என்னைக் கேட்டால் அது முதலில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் குடை, கடைசியில்தான் பழமரம். தார் வெட்டிய தண்டைத் தூக்கி எறியாமல் துண்டு துண்டாக நறுக்கி இஞ்சிப் பாத்திக்கு மேல் பரப்பிப் பாருங்கள். அதிலிருந்து வாரக்கணக்கில் ஈரம் கசியும். சமையலறைத் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் எங்கள் வீட்டில் கல்வாழைப் பாத்தி வழியாகப் போய் வாழைக்குத்தான் சேர்கிறது.

ரகத்தில் நான் கற்பூரவள்ளிக் கட்சி. வறட்சி தாங்கும், கரடான மண்ணிலும் தார் போடும், சாம்பல் பூத்த அந்தப் பழத்தின் இனிப்புக்கு ஈடில்லை. பூவனைவிடக் கூடுதல் மாதங்கள் காத்திருக்க வேண்டும், மரமும் உயரமாகப் போகும். அதனால் ஆடிக்கு முன்னால் மூங்கில் முட்டுக் கொடுக்காவிட்டால் காற்று ஒரே இரவில் சாய்த்துவிடும். இலை கிழிவதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. இலை கிழிந்தால் மரம் தப்பும். கிழியாத இலை காற்றைப் பிடித்து மரத்தையே இழுத்துக்கொண்டு விழும்.

ஊர்ப்பாசத்தில் மட்டி வாழையும் வைத்தேன். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த எங்கள் மாவட்டத்துப் பழம் அது. நாகர்கோவில் பக்கம் குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம். திருச்சியில் தார் வந்தது, பழமும் பழுத்தது. ஆனால் அந்த வாசனை வரவில்லை. குமரி மண்ணும் மழையும் இல்லாமல் அது வெறும் சின்ன வாழைப்பழம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சந்தோஷமாகத் தின்றார்கள், எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

பப்பாளிக்குச் சொல்ல அதிகமில்லை. மேட்டுப்பாத்தியில் வையுங்கள், அடித்தண்டில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும், அவ்வளவுதான். ஆனால் பப்பாளி வைத்திருந்த யாரும் 2008க்குப் பிந்தைய இரண்டு வருடங்களை மறந்திருக்க மாட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இந்தியாவில் முதலில் கோயம்புத்தூரில்தான் கண்டுபிடித்தார்கள். பப்பாளி, செம்பருத்தி, மரச்சீனி (மரவள்ளி), மல்பெரி என்று எதையும் விடவில்லை. காயின் மேல் வெள்ளையாக மாவு அப்பிக்கொண்டு, அதன் கீழே எறும்புப் படை. மருந்து அடித்தால் அது அந்த மாவு மெழுகின் மேலேயே வழிந்து ஓடிவிடும். பிறகு 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு பூச்சி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று காலி செய்தது. அன்றிலிருந்து நான் மாவுப்பூச்சியைக் கண்டாலும் மருந்தைத் தேடுவதில்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன், மிஞ்சினால் வேப்பெண்ணெயும் சோப்பும். மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

அடுத்த வில்லன் போர்வெல் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உங்கள் தண்ணீரும் எங்கள் தண்ணீர் மாதிரிதான். இட்லிப்பூச் செடியைக் கவனியுங்கள், அது முதலில் காட்டிக்கொடுக்கும். புது இலை வெளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பும் காரமும் ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்), உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). சாயங்காலம் இலை நனையத் தெளித்தால் பத்துப் பதினைந்து நாளில் பச்சை திரும்பும். துணியில் பட்டால் கறை போகாது, பழைய சேலையோடு போங்கள். ஆனால் இது தற்காலிகம்தான். மக்கிய இலையும் தொழுவுரமும் வருடா வருடம் போட்டு வந்தால்தான் மண் நிரந்தரமாக இளகும்.

ஆந்தூரியப் பூச்செடிக்கு நான் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. மாடியிலிருந்து வருகிற மழைத்தண்ணீர் இரண்டு டிரம் பிடித்து வைப்பேன், அது மாசியோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஏசி தண்ணீர். வெளியே குழாயில் சொட்டுகிற அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வருவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட கிடையாது. செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற அதே மாதங்களில்தான் ஏசியும் அதிகம் ஓடுகிறது. கரண்ட் பில்லைப் பார்த்து இவர் முகம் சுளிக்கும்போதெல்லாம் நான் ஆந்தூரியத்தைக் காட்டிவிடுவேன்.

மாமரத்தின் இன்னொரு பக்கம் மணிபிளான்ட் ஏறுகிறது. பாட்டிலில் உள்ளங்கைக்குள் அடங்கிய இலை, மரத்தில் ஏற ஏற முறம் அளவுக்கு விரிந்து, நடுவில் பிளவு விழுந்து, பார்ப்பவர்கள் வேறு செடி என்றே நினைக்கிறார்கள். ஏற இடம் கிடைத்தால்தான் அதன் இலை பெரிதாகும். ஆனால் மிளகு ஏறுகிற பக்கம் வரவிடாமல் அடிக்கடி நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் முழுக்க அதுதான்.

இப்போது மிளகுக்கு வருகிறேன். ஆவணியில் இடியோடு பெய்கிற மழைக்குத்தான் எங்கள் கொடி சரம் விடுகிறது. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் முழுச் சரத்தையும் பறித்துவிட வேண்டும். எல்லாம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கிளியும் குயிலும் முந்திக்கொள்ளும். உதிர்த்த மணியை ஒரு துணியில் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயப்போட்டால் ஒரே சீராகக் கறுக்கும். அம்மா வீட்டில் சாக்கில் அள்ளுவார்கள், எனக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையவில்லை. போன தடவை அம்மா வந்தபோது அதில் நாலு மணியை வாயில் போட்டு மென்றாள். "காரம் உண்டு" என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

இடமில்லாதவர்கள் புதர் மிளகு வைக்கலாம். ஏறுகிற தண்டை விட்டுவிட்டு, சரம் விடுகிற பக்கக் கிளையை வேர் பிடிக்க வைத்து எடுத்தால் அது கொடியாக ஓடாமல் தொட்டியிலேயே குத்தாக நிற்கும். காலை வெயில் மட்டும் படுகிற பால்கனி போதும். வாங்கும்போது புதர் மிளகுதானா என்று கேட்டு வாங்குங்கள். கொடிக்கன்றைத் தொட்டியில் வைத்தால் வருடக்கணக்கில் இலைதான்.

வண்டியில் கொண்டுவந்து மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறார்கள், அட்டையில் பழத்தின் படம் பளபளவென்று இருக்கும். நீலகிரிப் பக்கம் கல்லாறு, பர்லியார் அரசுப் பண்ணைகளில் மங்குஸ்தான் காய்க்கிறது என்றால் அது மலையடிவார மழையும் ஓடைத் தண்ணீரும் இருக்கிற இடம். அங்கேயே காய்க்கப் பல வருடம் ஆகும். திருச்சியில் அந்தக் காசுக்கு நல்ல எலுமிச்சங்கன்று வாங்கலாம்.

மயில் தொல்லையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இஞ்சிப் பாத்தியைக் கிளறிப்போடுவதில் கோழியெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். தேசியப் பறவை, கல்லெடுக்கவும் முடியாது.

கற்பூரவள்ளி இந்த வருடம் கன்று நிறைய விட்டிருக்கிறது. கே.கே.நகர் பக்கத்துச் சிநேகிதிகள் ஐப்பசிக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளலாம். அகலமான இலையோடு கொழுகொழுவென்று நிற்கிற நீர்க்கன்றைக் கேட்காதீர்கள், அது பார்வைக்குத்தான். ஒல்லியாக, வாள் மாதிரி குறுகிய இலையோடு, அடி பருத்து நிற்கிறதே, அந்த ஈட்டிக்கன்றைத்தான் தருவேன். கடப்பாரை என்னிடம் இருக்கிறது, தோண்ட ஆளை நீங்கள் கூட்டி வாருங்கள்.