ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

நானே பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகக் காலையில் மட்டும் முரண்டு பிடித்தது. பட்டனை அழுத்தினால் சிபியு ஃபேன் லேசாகத் துடித்துவிட்டு நின்றுவிடும், விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் எப்படியோ கிளம்பிவிடும், ஒருமுறை கிளம்பிவிட்டால் ராத்திரி வரை ஒரு தொந்தரவும் கிடையாது. கடையில் கேட்டால் மதர்போர்டு போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கென்னவோ எஸ்எம்பிஎஸ் மேல்தான், அதாவது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி மேல்தான் சந்தேகம். ஆறிப்போயிருக்கும்போது மட்டும் கிளம்ப மறுப்பது பெரும்பாலும் அதற்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டால் காட்டும் குணம். உள்ளே இருக்கும் திரவம் காயக் காய அதன் உள்தடை ஏறும், குளிர்ந்திருந்தால் இன்னும் ஏறும், கொஞ்சம் சூடு பிடித்ததும் சமாளித்துக்கொள்ளும்.

சந்தேகம் மட்டும் போதாதே. கேபினெட்டின் பவர் பட்டன் ஒயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுப் பார்த்தேன், அதே கதைதான், ஆக பட்டன் குற்றவாளி இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, போர்டை வெளியே அட்டைப்பெட்டி மேல் வைத்து ஒரே ஒரு ரேமோடு முயன்றாலும் அப்படியேதான்.

அடுத்து எல்லோரும் சொல்லும் பேப்பர் கிளிப் சோதனை. 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, 16-வது பின்னில் இருக்கும் பச்சை ஒயரை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரோடு (கிரவுண்ட்) இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தானாக ஓட வேண்டும். ஓடியது. இங்கேதான் பலபேர் ‘எஸ்எம்பிஎஸ் ஓகே’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். லோடே இல்லாமல் ஓடுவது ஒரு சோதனையா? மூட்டையே தூக்காமல் நானும்தான் பயில்வான்.

அதனால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, போர்டு மின்சாரம் இழுக்கும்போதே அளந்தேன். மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில் தொட்டுக்கொண்டு, சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் முதுகுப் பக்கமாக ஊதா ஒயரை ஒட்டி உள்ளே விட வேண்டும். இது 9-வது பின், ஸ்டாண்ட்பை 5 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை இது வந்துகொண்டே இருக்கும், பவர் பட்டன் அழுத்தப்பட்டதைப் போர்டு உணர்வதே இதன் தயவில்தான். ராத்திரி பகல் பார்க்காமல் உழைப்பதால் இந்தப் பகுதிக்குச் சீக்கிரம் வயதாகிவிடுவது ஆச்சரியமில்லை. 4.75-லிருந்து 5.25 வரை இருக்கலாம். சும்மா இருக்கும்போது 4.9 காட்டியது, பட்டனை அழுத்தியதும் 4.3-க்கு விழுந்தது. சாம்பல் ஒயர், அதாவது எல்லா வோல்ட்டேஜும் சரி என்று போர்டுக்குச் சொல்லும் 8-வது பின், 5 வோல்ட்டுக்கு ஏறவே இல்லை. அது வராவிட்டால் ப்ராசஸர் வேலையைத் தொடங்காது. சரி, ஆள் சிக்கியாயிற்று.

திறந்து கெப்பாசிட்டரை மாற்றிவிடலாமே என்று நண்பன் ஒருவன் ஆசை காட்டினான். 230 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் 325 வோல்ட் வரும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் அது தேங்கி நிற்கலாம். பழகாத கைக்கு இந்த வேலை வேண்டவே வேண்டாம், புதுசே வாங்கினேன்.

பழையதும் புதியதும் கேபிள் கழற்றக்கூடிய மாடல்கள். கேபினெட்டுக்குள் ஏற்கெனவே அழகாகக் கட்டி வைத்த கேபிள் அப்படியே கிடக்கட்டும், பெட்டியை மட்டும் மாற்றலாம் என்று கை பரபரக்கும். கூடவே கூடாது. போர்டு பக்கத்து முனைதான் எல்லாருக்கும் பொது, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய ஒயரில் 12 வோல்ட் போய் டிஸ்க் புகைந்துவிடும். அலுத்துக்கொண்டே எல்லாக் கட்டையும் அறுத்து, புதுப் பெட்டியோடு வந்த கேபிளையே மாட்டினேன். ஊதா ஒயரில் இப்போது 5.06, பட்டனை அழுத்தினாலும் அசைவதில்லை. கடைக்காரர் மாற்றச் சொன்ன மதர்போர்டில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.