நோரோவைரஸிடம் சானிடைசர் எடுபடாது

கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. சோப்போ ஆல்கஹாலோ அதைக் கரைத்தால் கதை முடிந்தது. வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது, வெறும் புரதக் கூடு. சானிடைசரை நம்பாதீர்கள். சோப்பும் அதைக் கொல்வதில்லை, வழுக்கித் தண்ணீரோடு போக வைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் 20 விநாடி தேய்ப்பு: நகக்கண், விரலிடுக்கு, பலரும் மறக்கும் கட்டைவிரல்.

வாந்தி விழுந்த தரையில் எடுத்ததும் மாப் போட்டால் கிருமி அறை முழுக்கப் பரவும். கையுறை போட்டு, பழைய துணியால் மூடி அள்ளுங்கள். பிறகு 5 சதவீத ப்ளீச் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி கலந்து ஊற்றி, 5 நிமிடம் ஊறியபின் துடையுங்கள். ஆசிட் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பேதி நின்றாலும் இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகவேண்டாம்.