ஹாம்பர்க்கில் தொடங்கிய ஒரு கால்பந்து முன்கள வீரரின் பயணம்

மதுரையிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய லாங்கன்ஹார்ன், ஹாம்பர்க் நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுரங்க ரயிலில் சில நிலையங்கள் தள்ளி ஓக்சன்சோல். ஹாம்பர்க்கின் கால்பந்துக் கிளப்பான எச்.எஸ்.வி.யின் இளையோர் பயிற்சித் திடலும் விடுதியும் அந்த நிலையத்துக்கு அருகில்தான் பல ஆண்டுகள் இருந்தன. 2008-இல், தென்கொரியக் கால்பந்துச் சங்கத்தின் வெளிநாட்டுப் பயிற்சித் திட்டத்தின் கீழ், 16 வயதுச் சிறுவனாக சோன் ஹியுங் மின் வந்து சேர்ந்த இடம் அது. இன்று உலகமே அறிந்த அந்த ஆட்டக்காரர் ஜெர்மனியில் காலூன்றிய விதத்தை, இதே ஊரில் காலூன்றப் பாடுபட்ட ஒருவன் என்ற முறையில் நான் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன்.

அவருடைய தந்தை சோன் வூங் ஜுங்கும் கால்பந்து வீரர்தான்; காயத்தால் 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். பிள்ளைகள் இருவரும் சண்டையிட்டால், பந்தைத் தரையில் விழாமல் காலால் தட்டிக்கொண்டே நான்கு மணி நேரம் நிற்க வைப்பார் என்று மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு வருடப் பயிற்சி முடிந்து ஊர் திரும்பி, 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மூன்று கோல்கள் அடித்த பிறகு, மீண்டும் ஹாம்பர்க் வந்தார். 2010 ஆகஸ்டில், இங்கிலாந்தின் செல்சி அணிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கோல் அடித்த கையோடு பாத எலும்பு முறிந்தது. குணமாகித் திரும்பியவர், அக்டோபர் 30 அன்று கொலோனில், பந்தைக் கோல்கீப்பரின் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, அது தரைக்கு வந்ததும் வலைக்குள் தட்டினார். ஜெர்மனியின் முதல்நிலைத் தொடரான பண்டஸ்லிகாவில் அது அவருடைய முதல் கோல். அப்போது அவருக்கு 18 வயது.

அந்தக் கோலின் பின்னால் எவ்வளவு தனிமை இருந்திருக்கும் என்பதை, இங்கே ஒரு நவம்பர் மாதத்தைக் கழித்தவர்கள் அறிவார்கள். நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துக் கிடக்கும். மொழி வராதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வணக்கம்கூடப் பரீட்சையாக இருக்கும். எங்களை இந்த ஊரோடு சேர்த்தது மகளின் கால்பந்துக் கிளப்தான். ஹாம்பர்க்கில் பழைய திடல்கள் பல புல் இல்லாமல், செந்நிறச் சரளைப் பொடி பரப்பியவை. மழை பெய்தால் பிள்ளைகளின் சட்டையெல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அணியின் மொத்தச் சட்டைகளையும் ஒரு பெற்றோர் வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்து வர வேண்டும். அந்தப் பையைத் தோளில் சுமந்து ரயில் ஏறிய மாலையில்தான், என்னையும் இவர்கள் ஒருவனாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

2018 ஜூன் 27 அன்று, உலகக் கோப்பையில் கஸான் நகரில் ஜெர்மனியும் தென்கொரியாவும் மோதின. ஜெர்மன் சட்டை அணிந்து தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தாள் மகள். தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துத் தந்த நேரத்தில் கொரியா ஒரு கோல் அடித்துவிட, ஜெர்மன் கோல்கீப்பர் நோயரும் காவலை விட்டு முன்னேறி ஆடினார். அவரிடமிருந்து பந்து பறிபோனது. காலியாகக் கிடந்த பாதித் திடலைத் தாண்டி ஓடி, சோன் இரண்டாவது கோலை அடித்தார். 1938-க்குப் பிறகு முதல்முறையாக ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது. மகள் தேம்பி அழுதாள்.

சிறு வயதில் ஜெர்மனிக்கு வந்து இனவெறியை அனுபவித்ததையும், அந்த வெற்றி தமக்கு ஒரு பழிதீர்ப்பாக இருந்ததையும் 2022-இல் சியோலில் ரசிகர்கள் முன்னிலையில் சோன் வெளிப்படையாகச் சொன்னார். நன்றியில்லாதவர் என்று அவரைக் குறை கூறியவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. தொழிலைக் கற்றுக்கொடுத்த நாடு காயப்படுத்தியும் இருக்கலாம்; இரண்டையும் ஒருசேரச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. மகளிடமும் அதைத்தான் விளக்கினேன். அவளுக்கு அது எளிதாகவே புரிந்தது.

பிறந்த நாடும் அவரை லேசில் விடவில்லை. கொரிய ஆண்கள் ஒன்றரை வருடத்துக்குக் குறையாமல் கட்டாய ராணுவப் பணி செய்தாக வேண்டும். ஜெர்மனியில் ஆடி அவருக்கு முன்னோடியான கொரிய வீரர் சா பூம் குன், 1978-இல் டார்ம்ஷ்டாட் கிளப்புக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடிய நிலையில், ராணுவப் பணியை முடிக்க ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மறுவருடம் பிராங்க்ஃபர்ட் வந்த பிறகுதான் பண்டஸ்லிகாவில் 98 கோல்களை அவரால் குவிக்க முடிந்தது. சோனுக்கு விலக்குக் கிடைக்க ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டில் தங்கமோ தேவைப்பட்டது. 2014-இல், அப்போது அவர் ஆடிவந்த ஜெர்மனியின் லெவர்குசன் கிளப் அவரை ஆசிய விளையாட்டுக்கு அனுப்ப மறுக்க, அவர் இல்லாமலேயே கொரியா தங்கம் வென்றது. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவில் ஜப்பானை 2-1 என்று வென்ற பிறகே அந்தக் கவலை தீர்ந்தது. அப்போதும் மூன்று வார அடிப்படைப் பயிற்சி பாக்கி. அதை 2020-இல் ஜேஜு தீவில் முடித்தார். தங்கும் அனுமதியின் காலாவதித் தேதியை மனத்தில் வைத்தே திட்டம் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு, அவர் அந்த வருடங்களில் எந்த மனநிலையில் ஆடியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

லண்டன் கதை பலரும் அறிந்ததுதான். 2015-இல் அங்குள்ள டாட்டன்ஹாம் கிளப்பில் சேர்ந்தவர், முதல் வருடம் சரியாக அமையாததால் ஜெர்மனிக்கே திரும்ப விரும்பினார். பயிற்சியாளர் பொச்செட்டினோ தடுத்து நிறுத்தினார். 2021-22 பருவத்தில் பெனால்டி ஒன்றுகூட இல்லாமல் 23 கோல்கள் அடித்து, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை லிவர்பூல் வீரர் சலாவோடு பகிர்ந்துகொண்டார். ஆசியர் ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல்முறை. 2025 மே மாதம் ஸ்பெயினின் பில்பாவோவில், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையை அணித்தலைவராகக் கையில் ஏந்தினார். அந்தக் கிளப் 2008-க்குப் பிறகு வென்ற முதல் கோப்பை அது. அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி.யில் சேர்ந்து, டாலஸ் அணிக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் அந்தக் கிளப்புக்கான தம் முதல் கோலை அடித்தார். அங்கே மாலையில் ஆட்டம் நடக்கும்போது இங்கே விடியற்காலை. கஸான் தோல்விக்கு அழுத மகள், இப்போது அவருடைய ஆட்டங்களுக்காக அலாரம் வைத்து எழுகிறாள்.