நல்ல சிவப்பு, குறைஞ்ச எடை: மாடித் தொட்டிக் கடல்பாசி, நாலாவது வாரம்

ரெண்டு தரம் வெளுத்துச் செத்த பாசி மூணாவது தரம் பிழைச்சுக்கிட்டுது. முட்டம் பாறையில கடல் வத்தின நேரம் பார்த்து ஒரு அண்ணன் பிய்ச்சுத் தந்தது. அகர் (ஜெல்லி மாதிரி உறையுற பொருள்) எடுக்கிற கஞ்சிப்பாசியோட பங்காளிதான், அறிவியல் பேரு கிராசிலேரியா கார்ட்டிகேட்டா.

போன தரம் வெளுத்தப்போ உரம் பத்தலைன்னு யூரியா போட்டேன். யோசனை தப்பில்லை. சிவப்பு நிறமி பைகோஎரித்ரின் ஒரு புரதம்; நைட்ரஜன் பத்தலைன்னா பாசி அதையே கரைச்சுத் தின்னுடும். ஆனா என் மாடியில வில்லன் வெயில். வெளிச்சம் கூடினா அவ்வளவு நிறமி எதுக்குன்னு பாசி குறைச்சுக்கும். இன்னும் ஏறினா ஒளிச்சேர்க்கையே படுத்துடும்.

இந்தத் தரம் மூணு டப், ஒவ்வொண்ணுலயும் 50 கிராம். ஒண்ணு திறந்தது, ஒண்ணுக்கு 75 சதவீத நிழல் வலை, ஒண்ணுக்கு அதே வலை ரெண்டு அடுக்கு.

என் உயிரை வாங்கினது இந்த ரெண்டு அடுக்குதான். உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு)னா ஒரு அடுக்குக்குக் கீழ 25,000, ரெண்டுக்குக் கீழ 6,000 சொச்சம் வரணும். போன்ல அளந்தப்போ காட்டினது 11,000! மூணு நாள் மண்டை காய்ஞ்சப்புறம்தான் புரிஞ்சுது: கண்ணிக்கு நேரா கண்ணி விழுந்தா மேல் வலை இருந்தும் இல்லாத மாதிரி. அதைக் கோணலாத் திருப்பி, நடுவுல மூணு விரல் இடைவெளி விட்டுக் கட்டினேன், 7,000-க்கு இறங்கிச்சு. லக்ஸ் மனுசக் கண்ணுக்கான அளவு, பாசிக்கானது இல்லை. ஒரே வெயிலை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும்.

(வலை வடசேரியில வாங்கினது. முதல்ல 50 சதவீத வலையை 75-ன்னு தலையில கட்டிட்டாங்க. வாங்குறவங்க வெயில்ல பிடிச்சுப் பார்த்து வாங்குங்க.)

28-ஆம் நாள், துண்டுல ஒத்தி எடுத்த எடை: திறந்தது 41 கிராம், ஒரு அடுக்கு 78, ரெண்டு அடுக்கு 59. மாடிக்கு வந்தவங்க எல்லாம் மெச்சினது அந்த 59-ஐத்தான். அப்படி ஒரு கறுஞ்சிவப்பு. பாவம், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் அவ்வளவு நிறமி. 78 கிராம் பார்க்க மங்கின பழுப்பு.

இந்த ஒப்பீட்டுல ஒரு ஓட்டை இருக்கு. திறந்த டப்புல மதியம் 34 டிகிரி, மத்த ரெண்டுலயும் 30 பக்கம். அதனால 41-க்கு வெளிச்சத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அடுத்த தரம் மூணையும் ஒரே சிமெண்டுத் தொட்டித் தண்ணிக்குள்ள இறக்கணும்.

அகர் காய்ச்ச மல் துணிகூட வாங்கி வச்சாச்சு. அதுக்குள்ள ஒரு அடுக்கு டப்புல நூல் நூலாப் பச்சைப்பாசி ஏறியிருக்கு. பழைய பல் பிரஷோட இப்போ மாடிக்குத்தான் போறேன்.