44.4 சென்ரிமீற்றர்

சேர் காலமான செய்தி நம்முடைய வாட்சப் குழுவில் வந்தபோது, கைகூப்பிய படங்கள் முப்பதுக்கு மேல் விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். பிறகு நினைவு மலர்க்குழுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் வந்து, "அண்ணை, நீங்கள் அவரிட்டைப் பௌதிகம் படிச்சனீங்கள், ஒரு பக்கம் தாங்கோ" என்றார். சேரின் பெயரை எழுதத் தேவையில்லை, 'ஊசல்' என்றால் போதும். பழைய லாப்பிலிருந்து அவர் நடந்து வருவதைப் பார்த்த எவரும் அதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஆனால் நான் தொடங்க வேண்டியது ஒரு ரீசேட்டில் இருந்து. பொறுங்கள், சேரிடம் வந்துவிடுவேன்.

1990களின் தொடக்கம். கிழமை நாட்களில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை, சனி ஞாயிறில் லண்டன் கேம்டன் சந்தையில் ரீசேட் விற்பனை. ஸ்மித்ஸ், எலுமிச்சைத் துண்டு போட்ட ஸ்ரோன் றோசஸ், பூப்போட்ட ஜேம்ஸ் என்று இசைக்குழு ரீசேட்டுகளை மேசை நிறைய அடுக்கியிருப்போம். அவற்றை முதலாளி எங்கே அச்சடித்தார் என்று நான் கேட்டதில்லை. ஒரு பாட்டும் எனக்குத் தெரியாது. அறையில் சீர்காழியின் கசற்தான் ஓடும். ஆனாலும் வருகிறவனின் சப்பாத்தைப் பார்த்தே எந்த ரீசேட்டில் கை வைப்பான் என்று சொல்லப் பழகியிருந்தேன்.

எந்தச் சப்பாத்துக்காரனும் எடுத்தது ஒன்று இருந்தது. கறுப்புத் துணி, நடுவில் வெள்ளைக் கோடுகள், பெயர் கிடையாது. மலைத்தொடர் என்று நினைத்து, "மலை மீடியமா, லார்ஜா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வானியல் படிக்கிற பெடியன் ஒருவன் மிச்சக்காசை எண்ணாமல் கையில் பிடித்தபடி விளக்கம் தந்தான். அது ஜோய் டிவிஷன் என்ற மன்செஸ்டர் இசைக்குழு 1979இல் வெளியிட்ட முதல் அல்பத்தின் அட்டை. கோடுகள் ஒரு நட்சத்திரத்தின் துடிப்புகளாம். ஒவ்வொரு 1.337 செக்கனுக்கும் ஒரு துடிப்பு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியது. நேரம் பிசகாது, உருவம் மட்டும் ஒன்றைப்போல் ஒன்று இராது.

பிறகு நானே தேடிப் படித்தேன். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற மாணவி, நாளொன்றுக்கு நூறடி அளவில் ஓடிவந்த கடதாசிச் சுருளில் கால் அங்குல அளவிலான ஒரு கிறுக்கலைக் கண்டார். ஏதோ இடையூறு என்று பேராசிரியர் முதலில் சந்தேகித்தார். மாணவியோ அந்தக் கிறுக்கலை விடவில்லை. அப்படித்தான் முதல் பல்சர், அதாவது அந்த ரீசேட்டில் துடித்த நட்சத்திரம், கிடைத்தது. 1974இல் நோபல் பரிசு பேராசிரியருக்குப் போனது, மாணவிக்கு இல்லை. அந்தத் துடிப்புகளின் படத்தை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் கண்டெடுத்தவர் குழுவின் கிற்றார்காரர் பேர்னார்ட் சம்னர். வெள்ளையில் கறுப்பாக இருந்த கோடுகளைக் கறுப்பில் வெள்ளையாக மாற்றியவர் பீற்றர் சவில்.

கிறுக்கலை விடாத கதையைப் படித்தபோது எனக்கு லாப் மணம் வந்தது.

எளிய ஊசல் பரிசோதனை. எனக்கு அளக்கப் பஞ்சி. சூத்திரம் தெரியும், விடை தெரியும், பிறகென்ன? வாசிப்புகளை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போனேன். வரைபில் எட்டுப் புள்ளியும் கோட்டில் குந்தியிருந்தன. சேர் கொப்பியைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

"ஐசே, உம்மட ஊசல் என்னைவிட ஒழுங்கா ஆடுதே. இது அளந்ததோ, நினைச்சதோ?"

வகுப்பு வெடித்தது. சேர் சிரிக்கவில்லை. தாங்கியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நூலை என் விரலில் சுற்றி, மேசைமேல் ஏற்றினார். "இனி நீர்தான் ஸ்ராண்ட்." நான் கையை நீட்டிக்கொண்டு நிற்க, ஐம்பது அலைவுகளை வகுப்பே உரத்து எண்ணியது. கை நடுங்கியது, குண்டு வட்டம் அடித்தது, காற்சட்டைக்குள் வியர்வை ஓடியது. வந்த கோணல் வாசிப்புகளைச் சேரே சிவப்பு மையால் என் கொப்பியில் எழுதினார். "கோணலை வெட்டாதையும். அதுதான் நீர் செய்ததுக்குச் சாட்சி."

பாடம் கற்றேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். உண்மையில் ஒரு மாதம் அவரை வெறுத்தேன். சோதனையில் பௌதிகத்துக்குக் கடைசிச் சித்தியான 'எஸ்'தான் வந்தது. "இன்னொருக்கா எடும், பின்னேரத்தில் வாரும், காசு வேண்டாம்" என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். நான் போகவில்லை. கொழும்புக்கு பஸ் ஏறும்போது அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிரே வந்தார். நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

கேம்டனில் அந்தக் கதை கேட்ட அன்று அவருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ரீசேட்டை மடித்தும் வைத்தேன். யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் போகாத காலம் என்று எனக்கே காரணம் சொன்னேன். பிறகு பார்சல் போகிற காலமும் வந்தது. 2012இல் டிஸ்னி அந்தக் கோடுகளை மிக்கி மவுஸ் வடிவத்தில் வளைத்து ரீசேட் போட்டு, எதிர்ப்பு வந்ததும் மீளப் பெற்றுக்கொண்டது. அதைச் சொல்லவாவது எழுதியிருக்கலாம். சேர் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். இப்போது என் மகள் அதே கோடுகளைக் கடைகளில் வாங்கிப் போடுகிறாள். குழுவின் பெயர் தெரியுமா என்றால், "அப்பா, அது டிசைன்" என்கிறாள்.

சேரின் அந்தியேட்டி அன்று இங்கே நல்ல மழை. 1.337 செக்கனுக்கு ஒருமுறை ஆட ஊசல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 44.4 சென்ரிமீற்றர். தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டிக் குசினிக் கதவில் தொங்கவிட்டேன். இருபது அலைவுக்கு 26.7 செக்கன் வரவேண்டும்.

26.9. 26.5. 27.1.

மூன்றாவதைச் சிவப்புப் பேனையால் எழுதினேன்.